ஆறுமணிக்குருவியின் வரவுப் பதிவேடு

கேள்வி: பேராதனைப் பூங்காவில் பைனாகுலரும் கையுமாகச் சிலர் குருவி எண்ணுகிறார்களே, யாருக்கு இலாபம்?

பதில்: முதலில் குருவிக்கு!

இந்தியக் காடுகளில் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக்குருவி, அக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வந்து ஏப்ரல் வரை தங்குகிறது. எப்போது கிளம்பியது, எவ்வழியே வந்தது என்று ஒரு திணைக்களம் தனியாகத் துரத்திப் பிடிக்க முடியுமா? பறவைப் பதிவுகளுக்காக 2002இல் தொடங்கிய ஈபேர்ட் இணையதளத்தில் இமயமலை அடிவாரத்து ஆசிரியரும், சென்னை மாணவியும், மகாவலிக் கரையில் காலைநடை போகிறவரும் கண்ட நாளைப் பதிந்தால், பாதை தானாகவே வரைபடத்தில் விரிகிறது.

பதிவில் நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை மூன்றும் வேண்டும். அபூர்வப் பறவையை மட்டும் எழுதினால், காகம் குறைவது எவருக்கும் தெரியாமலே போகும். ஆகவே கண்டது அத்தனையும் எழுத வேண்டும். முழுப் பட்டியலில் இல்லாத பறவையும் ஆய்வாளருக்கு ஒரு தகவல்தான்.

இப்படிப் பறவை எண்ணும் பழக்கமும் புதிதல்ல. சிலோன் பேர்ட் கிளப் 1943இல் தொடங்கியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக 1987 முதல் தன்னார்வலர்கள் ஜனவரிதோறும் குளங்களுக்கும் களப்புகளுக்கும் போகிறார்கள்.

பெப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய வீட்டுமுற்றப் பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிடம் போதும். கேள்வி கேட்டவரும் சேரலாம், பைனாகுலர்கூடக் கட்டாயமில்லை.