சகாப்தம், ஆறுக்கு நாலு

சித்திரை ஒன்றாம் தேதி சாயங்காலம் பெருமாள் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிப்பார்கள். 1974-இல் ஆனந்த வருஷம் பிறந்தபோது பட்டாச்சாரியார் ‘சாலிவாகன சகாப்தம் 1896’ என்று ராகம் போட்டு இழுத்தார். பெரியவர்களுக்கு இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்று தெரிய வேண்டும். எங்களுக்குப் பானகத் தவலைமேல் கண். வருஷத்துக்கு ஒருநாள் காதில் விழுந்த அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

அர்த்தம் சாதாரணமானது: சக ஆண்டு. கி.பி. 78-இல் தொடங்கிய கணக்கு. தொடங்கியது சாலிவாகனனா, கனிஷ்கனா என்ற வழக்கு ஒருபக்கம் இருக்க, எண்ணிக்கை நிற்கவில்லை. மேகநாத் சாகா குழுவின் பேச்சைக் கேட்டு, 1957 மார்ச் 22-ஐ சைத்ரம் 1, 1879 என்று வைத்து மத்திய அரசும் அதைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் தாத்தாவின் கிஸ்தி ரசீதிலோ பசலி 1384. அவர் இரண்டையும் சட்டை செய்யாமல், “புயலடிச்ச வருஷத்துக்கு மறு வருஷம்” என்றே எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்வார். ஊரில் எல்லோருக்கும் அது புரிந்தது.

இப்போது வாரத்துக்கு ஒரு சகாப்தம் முடிகிறது. கிரிக்கெட் வீரர் மட்டையை வைத்தால் முடிகிறது, தியேட்டரை இடித்தால் முடிகிறது. எங்கள் தெருமுனை மெஸ்ஸை மூடியபோதுகூட வாட்ஸ்அப்பில் முடிந்தது. (சாம்பார் சுமார்தான்.) மெஸ் திறந்த அன்று சகாப்தம் தொடங்கிவிட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிற கணக்கின் பெயர், பாவம், இழுத்து மூடுவதற்கு மட்டும் பயன்படுகிறது.

போன மாதம் நண்பரின் பணிநிறைவுக்காக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி கம்ப்யூட்டரில் வரிசையாகத் தட்டிக் காட்டினார். சின்ன வயசுக்காரருக்கு ‘வருங்காலமே’, நடுவயசுக்கு ‘சரித்திரமே’, அதற்கு மேல் ‘சகாப்தமே’. பின்னணியில் சூரியன், சிங்கம், ரெண்டு புறா.

“சகாப்தத்துலயே போட்டுடலாம் சார். ஆறுக்கு நாலு. பிறந்த தேதி, மறைஞ்ச தேதி சொல்லுங்க.”

“தம்பி, அவர் ரிட்டயர்தான் ஆகறார்.”

“அப்படியா?” என்று ஒரு மாலையையும் விளக்கையும் அழித்தார். “‘சாய்ந்தது’ன்னு இருக்கறத ‘நிறைவு’ன்னு மாத்திடறேன். ரேட்டு ஒண்ணுதான் சார்.”