நீ கீழ வையி, நான் எடுத்துட்டேன்

"அதுக்கெல்லாம் இப்ப யாரு அண்ணாச்சி வருவா? அம்மாவுக்கு ஒரு செல்ல வாங்கிக் குடுத்துட்டு சோலியப் பாருங்க."

நேற்றுச் சாயங்காலம் இப்படிச் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போன எலக்ட்ரீஷியனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஏ.சி. மாட்டியது அவன்தான். இன்வெர்ட்டருக்கு லைன் இழுத்ததும் அவன்தான். வாசலில் கேமரா பொருத்தி, தெருநாய் குறுக்கே போனால்கூட என் செல்லுக்குத் தகவல் வருகிற மாதிரி செய்து என் தூக்கத்தைக் கெடுத்ததும் அவனேதான். அப்பேர்ப்பட்டவனுக்கு மாடியிலிருந்து கீழே ரெண்டு இழை வயரை இழுத்து ஒரு டெலிபோன் சாக்கெட் மாட்டத் தெரியாதாம். பழக்கமில்லையாம்.

விஷயம் இவ்வளவுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையைத் தாண்டி வண்ணார்பேட்டைத் தெருக்களுக்குள் வந்தபோது எங்கள் வீட்டுத் தார்சாவிலும் ஏறியது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் இருந்த பழைய டெலிபோன் ரோசெட் பெட்டி வண்டலில் முங்கி, திருகெல்லாம் பச்சைக் களிம்பு பூத்து, அதோடு போய்ச் சேர்ந்தது. செம்புக் கம்பி லைனை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். மறுபடி தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று ஃபைபர் பெட்டியை மாடியில் மாட்டச் சொன்னது என் மனைவி. நல்ல யோசனைதான். பெட்டியோடு டெலிபோனும் மாடிக்குப் போய்விட்டது. அம்மா இருப்பது கீழே, ரெண்டாங்கட்டில். மணி அடிப்பது அங்கே கேட்காது. கேட்டாலும், அம்மா மச்சுப்படியில் கால் வைப்பதற்குள் அம்பாசமுத்திரத்துச் சித்தி போனை வைத்துவிடுவாள். வைத்துவிட்டு, அக்காவுக்கு என் மேல் என்ன வருத்தம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஃபைபர் மாட்ட வந்த தம்பியிடம் முதலில் கேட்டேன். "பெட்டி வரைக்கும்தான் சார் எங்க பொறுப்பு, உள்வயரிங் நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். கஷ்டமான வேலைக்கு ஊரில் ஆள் கிடைக்கிறது. கூலி கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். லேசான வேலைக்குத்தான் ஆளே கிடையாது.

செல்போன் யோசனை சொல்லாத மனுஷர் இல்லை. வாங்கிக் கொடுக்காமலா இருப்பேன்? அது பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், அணைத்தபடி பத்திரமாக இருக்கிறது. "கண்டவனுக்கெல்லாம் நம்ம நம்பர் தெரிஞ்சிருக்குல. எவனோ லோன் வேணுமாங்கான்" என்று அம்மா முதல் நாளே மூடி வைத்ததுதான். 0462-க்குப் பின்னால் வருகிற எங்கள் ஏழு இலக்கத்தைத் தவிர வேறு எந்த நம்பரிலும் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே நானே இறங்கிவிட்டேன். எப்படி இறங்குவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் டெஸ்டர், காதில் மனைவி.

முன்னேற்பாடாக ஒரு வீடியோ பார்த்தேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர் அவர் வீட்டில் எக்ஸ்டென்ஷன் போடுகிறார். அங்கே முதல் சாக்கெட்டுக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. லைனுக்கு 2-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர். மணியடிக்க மட்டும் 3-ஆம் நம்பரில் தனி வயர். வயரைத் திருகிக் கட்டுவதும் இல்லை. அமுக்கிச் செருக அதற்கென்று ஒரு கருவி. மணிக்குத் தனி வயர் போடுகிற தேசம் எப்படி இத்தனை நாட்டை ஆண்டது என்று ஆச்சரியமாக இருந்தது. நம் ரோசெட்டில் காரியம் ரெண்டு திருகில் முடிந்தது. எந்த வயர் எந்தத் திருகுக்குப் போனாலும் இப்போதைய போன்கள் கோபித்துக்கொள்வதில்லை. பேச்சு, மணி, டயல் டோன் எல்லாம் அந்த ரெண்டு கம்பியில்தான்.

வயரை எந்த வழியாக இறக்குவது, சுவரில் எங்கே ஓட்டை போடுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்.

எக்ஸ்டென்ஷன் எதற்கு என்று கேட்டால் மணி கேட்கத்தான் என்று சொல்வது உலக வழக்கம். நானும் மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். சிரித்தாள். எக்ஸ்டென்ஷன் இருந்த வீட்டில் வளர்ந்தவள் அல்லவா.

எக்ஸ்டென்ஷன் வீடுகளில் 'ஹலோ'வுக்கு அடுத்த வார்த்தை சொந்த வீட்டாருக்குத்தான். "நான் எடுத்துட்டேன், நீ கீழ வையி." கொஞ்சம் பொறுத்து, "வச்சாச்சா?" உடனே, "வச்சாச்சு." இந்த 'வச்சாச்சு' ரிசீவருக்குள்ளிருந்தே கேட்கும். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. வைத்துவிட்டதாகச் சொன்னவரும் வைத்துவிட்டதாக நம்பினவரும் அடுத்த அரை மணி நேரம் சேர்ந்தே இருப்பார்கள்.

இது லேசில் வந்த வித்தை இல்லை. ரிசீவரை எடுக்கும்போது கொண்டிப் பொத்தான் மேலே எழும்பக் கூடாது. இடது கைச் சுட்டுவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டு, வலது கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, அந்தப் பக்கம் யாராவது இருமுகிற சமயம் பார்த்து விரலைப் பைய விட வேண்டும். அவசரப்பட்டால் மணி உள்ள பழைய போன்களில் அடுத்த அறைப் போன் 'டிங்' என்று ஒரு சின்னக் குரல் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் மூச்சு. மூச்சு விடாமல் சித்தியின் பேச்சை முழுக்கக் கேட்க எந்த யோகியாலும் ஆகாது. எங்கள் பெரியப்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்தக் கறுப்புப் போனில் பேசுகிற பக்கத்து மூடியைத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கிற கார்பன் வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியை மறுபடி மாட்டிவிடுவார். இனி தும்மலாம், காப்பி குடிக்கலாம், பெரியம்மாவிடம் வியாக்கியானம்கூடச் சொல்லலாம். ஒரு நாள் வில்லையோடு சட்டை சலவைக்குப் போயிற்று. அன்றைக்கு முழுக்க வீட்டுக்கு வந்த அழைப்புகளில் பெரியப்பா 'ஹலோ, ஹலோ' என்று கத்தக் கத்த எதிர்ப்பக்கம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இவ்வளவு செய்தும் மறைக்க முடியாத ஒன்று உண்டு. எல்லாப் போனும் ஒரே ஜோடிக் கம்பியில் இணையாகத் தொங்குவதால், வருகிற மின்சாரத்தை அவை பங்கு போட்டுக்கொள்ளும். ஒருத்தர் எடுத்தால் குரல் கணீரென்று இருக்கும். ரெண்டு பேர் எடுத்தால் இறங்கும். மூன்று பேரென்றால் கிணற்றுக்குள் போய்விடும். "என்னக்கா, சத்தமே கேக்கல" என்று சித்தி கேட்பாள். "இன்னைக்கு எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க" என்பாள் அம்மா. பிறகு ரெண்டு பேரும் சத்தமாகப் பேசுவார்கள், கேட்கிறவர்களுக்கும் வசதியாக.

இதையும் தாங்கலாம். தப்புத் தகவலைத்தான் காதுள்ளவனால் தாங்க முடியாது. பாளையங்கோட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சித்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "பொண்ணுக்கு அம்பது பவுன் போட்டிருக்காவ." உடனே லைனில் ஆச்சியின் குரல்: "அம்பதா? முப்பத்தஞ்சுதான், நான் எண்ணிப் பாத்தேன்." ஒரு நிமிஷம் மயான அமைதி. அப்புறம் சித்தி, "முப்பத்தஞ்சா? சீலையும் சுமார்தான் இல்லையா அத்தை?" என்று பேச்சைத் தொடர்ந்தாள். ஆச்சி எப்படி லைனுக்குள் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கான்ஃபரன்ஸ் கால் என்ற பெயர் நாட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

ரிசீவரை எடுக்காமலே ஒட்டுக்கேட்கிறவர்களும் இருந்தார்கள். சுற்றுகிற டயல் காலத்தில் ஒன்றாம் நம்பருக்கு ஒரு துடிப்பு, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து என்று லைனில் போகும். ஒரு போனில் சுற்றினால் இன்னொரு போனின் மணி மெல்லக் கிணுகிணுக்கும். பட்டாசலில் ஈசிசேரில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் தாத்தா, முதல் எண்ணே நீளமாகக் கிணுகிணுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முதல் எண் பூஜ்யம் என்றால் வெளியூர். "யாருல அது, எஸ்.டி.டி. போடுதது?" டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். பொத்தானைத் தட்டியே நம்பர் போடலாம் என்று தெரியாத பேரப்பிள்ளை அந்தத் தெருவில் ஒருத்தனும் இல்லை. மழைக்காலத்தில் கேபிளில் தண்ணீர் இறங்கி, சம்பந்தமே இல்லாத யாருடைய பேச்சோ நம் போனில் கேட்கும். கிராஸ் டாக் என்பார்கள். அது இலாகாவே இலவசமாகக் கொடுத்த எக்ஸ்டென்ஷன். 198-க்குப் புகார் செய்வோம், ஆனால் அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் செய்வோம்.

இப்போது என்ன இருக்கிறது? வீட்டில் நாலு பேர், நாலு செல். எவன் எவளோடு பேசுகிறான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போனாலோ, பக்கத்து சீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டு, சொத்துத் தகராறு முழுவதையும் செல்லப்பாண்டியன் சிலை தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே ஒப்பிக்கிறார். எனக்குக் கேட்க வேண்டாம் ஐயா! நானாகத் திருட்டுத்தனமாகக் கேட்பது வேறு. காதைப் பிடித்து இழுத்து வைத்துத் திணிப்பது வேறு. ஒட்டுக்கேட்கிறவனுக்கு ஒரு சிரத்தை இருந்தது, பொறுமை இருந்தது, பெரியவர்கள் பேரில் பயம் இருந்தது. இந்த ஸ்பீக்கர்காரர்களுக்கு என்ன இருக்கிறது?

சரி, வயருக்கு வருவோம். அந்தக் காலத்தில் இரண்டாவது போன் வேண்டுமென்றால் இலாகாவுக்கு மனு எழுதி, அதற்குத் தனி வாடகை கட்ட வேண்டும். கட்டாமல் போட்டவர்கள் லைன்மேன் தலை தெரிந்ததும் இரண்டாவது போனைத் தலையணைக்கடியில் படுக்க வைத்தார்கள். நமக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைக்க வேண்டாம். வெளியாருடைய கருவியை டெலிபோன் கம்பெனி லைனில் இணைக்கலாமா என்பதற்கு அமெரிக்காவில் 1968-இல் 'கார்ட்டர்போன்' வழக்கில் ஆணையம் ஒன்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது இங்கே யாரும் தடுப்பதில்லை. என்ன வேண்டுமானாலும் இணைத்துக்கொள் என்கிறார்கள். ஆனால் இணைக்க ரோசெட் பெட்டி கிடைப்பதில்லை. மதுரை ரோட்டுக் கடையில் கேட்டேன். கடைக்காரர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கடைசியில் மேல் பலகையிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திருகு ஒன்று குறைந்தது. விலையைக் குறைக்கவில்லை.

என்னைப் போல இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைபர் பெட்டியிலிருந்து வீட்டுப் பழைய வயரிங்குக்கு இணைப்புக் கொடுப்பதாக இருந்தால், வெளியிலிருந்து வருகிற பழைய செம்பு ஜோடியை முதலில் வெட்டிப் பிரித்துவிட வேண்டும். ரெண்டு லைன் ஒன்றோடொன்று மோதக் கூடாது. பெட்டியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன்.

பழைய லைனில் மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது. 48 வோல்ட், நேர்மின்சாரம். அதனால்தான் ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போன் பேசியது. ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். போனுக்கான மின்சாரத்தை மாடிப் பெட்டியே தயாரித்துக்கொள்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரும் படுத்தால் அதுவும் படுத்துவிடும். 48 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது, டெஸ்டர்கூட எரியாது. அந்தத் தைரியத்தில்தான் பழைய லைன்மேன்கள் வயரைப் பல்லால் உரித்தார்கள். ஆனால் மணியடிக்கும் நேரம் அதே ரெண்டு கம்பியில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரும். பல்லில் வயர் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒரு லைன்மேன் எங்கள் தார்சாவிலேயே குதித்துக் காட்டியிருக்கிறார். மாடிப் பெட்டியும் மணிக்கு அந்த மாதிரி மின்சாரத்தைத்தான் அனுப்புகிறது.

பெட்டியிலிருந்து வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தால் என்ன என்று மனைவி கேட்கிறாள். டயல் டோன் வருகிறதா என்று அப்பப்போ பார்க்காமல் இது என்ன வேலை? ஓட்டை போடுகிற விஷயத்தில் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. காரைச் சுவராம்; அதிலும் வெள்ளிக்கிழமையாம்.

ஆகையால் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், முக்கியமாக அம்பாசமுத்திரத்துச் சித்திக்கும் ஒரு விண்ணப்பம். சாக்கெட் மாட்டி முடியும் வரை பகல் நேரத்தில் எங்கள் வீட்டு நம்பருக்கு யாரும் கூப்பிட வேண்டாம். அவசரமென்றால் செல்லில் கூப்பிடுங்கள்.