எழுந்திரிக்காதேடா பேராண்டி!

மணி பதினொண்ணுதானே ஆகுது, என்ன அவசரம்? படு. ஞாயித்துக்கெழமை பெங்களூர்ல மத்தியானத்துக்கு முன்னாடி கண்ணு முழிச்சா உங்க கம்பெனியில சீட்டைக் கிழிச்சுடுவாங்க போலிருக்கு. அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவரே பதினெட்டு வருசம் சாக்கைப் போர்த்திக்கிட்டு நின்னவருதான். 1991ல வச்ச சிலை. தமிழு, கன்னடம்னு தகராறு வந்து திறக்க முடியாமப் போச்சு. கடைசியில எடியூரப்பா பக்கத்துல நிக்க, கலைஞர் வந்து திறந்து வச்சாரு. 2009 ஆகஸ்ட் 9. அன்னிக்கும் ஞாயித்துக்கெழமைதான்டா! நாலு நாள் கழிச்சு மெட்ராஸ் அயனாவரத்துல அவங்க கவி சர்வக்ஞருக்கு சிலை திறந்து, கொண்டான் குடுத்தான் முறையை முடிச்சுக்கிட்டாங்க. நீயும் ரெண்டு முதலமைச்சர் வந்தாத்தான் போர்வையை விலக்குவேன்னா, நான் எங்க போயி ஆள் பிடிப்பேன்?

எழுந்தா நேரா குளிக்கப் போ. போன வாரம் நீ அந்த ஷவர்ல நின்னுக்கிட்டே இருந்ததை வெளியில உக்காந்து காதால கேட்டேன். அது காவேரிடா. ஊரு தொள்ளாயிரம் மீட்டர் உசரத்துல இருக்குல்ல, நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட தொரெகாடனஹள்ளியில இருந்து மோட்டார் வச்சுத் தள்ளி மேல ஏத்துறாங்க. நாங்க நீடாமங்கலத்துல, ஜூன் 12ந்தேதி மேட்டூரைத் திறப்பானா, திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேருமான்னு வாய்க்காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நீ மேல இருந்தே மறிச்சுப் பிடிச்சுட்டே, கெட்டிக்காரன்! நடுவர் மன்றம், சுப்ரீம் கோர்ட்டுன்னு இத்தனை வருசம் அலைஞ்சதுக்கு, வீட்டுக்கு ஒரு பேரனை பெங்களூருக்கு அனுப்பியிருந்தா எப்பவோ கணக்கு தீர்ந்திருக்கும்.

குளிச்சுட்டு வெளியில கிளம்பிடாதே, காத்து கறுப்பு பட்டுடும். கப்பன் பார்க்ல ஞாயித்துக்கெழமை வண்டியே விடறதில்லையாம், நடக்க நல்லாத்தான் இருக்கு. நாய்க்குன்னே தனியா ஒரு இடம் ஒதுக்கியிருக்கான். அதுங்கல்லாம் விடிய வந்துடுதுங்க, உன்னை மாதிரி சொகுசு தெரியாத ஜென்மங்க.

காந்தி பஜார்ல வித்யார்த்தி பவன்னு ஒரு கடை, 1943ல இருந்து நடக்குது. ஞாயித்துக்கெழமை வாசல்ல பேரு குடுத்துட்டு, கூப்பிடுற வரைக்கும் நிக்கணும். சர்வரு ஒத்தைக் கையில மணிக்கட்டுல இருந்து தோள் வரைக்கும் தட்டு மேல தட்டா தோசையை அடுக்கிக்கிட்டு, ஒண்ணு சரியாம மேசைக்கு மேசை நழுவி வர்றான் பாரு, அதுக்கே காசு குடுக்கலாம். தோசை வெளியில செவந்து மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு, நெய் வாசனையோட இருக்கு. சட்னியை நம்மளை மாதிரி கெட்டியா வைக்காம தண்ணியா ஊத்துறான், அது ஒண்ணுதான் குறை. நீ தூங்கிக்கிட்டிருந்தப்போ போயி ரெண்டு தின்னுட்டு வந்தேன், அதை விடு. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? போனைத் தட்டு. டப்பாவுக்குள்ள வேர்த்து விறுவிறுத்த தோசையை ஒரு புள்ள வெயில்ல கொண்டாந்து குடுப்பான். அதைத் தின்னுட்டு, "நம்ம ஊரு மாதிரி வருமா தாத்தா"ன்னு கேளு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தா, "பெங்களூர் கிளைமேட் மாதிரி வருமா"ன்னு கேட்டுக்கலாம்.

வேத்தூர்ல தனியாக் கெடக்கேன்னு அப்பாயிகிட்ட போன்ல மூக்கைச் சிந்துறியே, நீ குடியிருக்கிற தொம்லூர்லயே சொக்கநாதசாமி கோயில் இருக்கு. பேருதான் சொக்கநாதர், உள்ள நிக்கிறது பெருமாளு. அங்க தமிழ்லயே கல்வெட்டு இருக்குடா! எழுநூறு வருசத்துக்கு முந்தி தொம்லூருக்கு தேசிமாணிக்கப்பட்டணம்னு ஒரு பேரு இருந்திருக்கு. உடனே மீசையை முறுக்காதே. அந்தாண்ட பேகூர்ல அதுக்கும் முந்தின கன்னடக் கல்லு, பெங்களூர்ச் சண்டையைப் பத்திப் பேசுது. அவன் கல்லு முந்தி, நம்ம கல்லு பிந்தி. ரெண்டுமே உன் அபார்ட்மெண்டுக்கு முந்தி.

நீ இங்க வந்து கத்துக்கிட்ட கன்னடம் "கன்னட கொத்தில்ல" மட்டுந்தான். அதையும் வாட்ச்மேன்கிட்ட சொல்றே, அவன் பீகார்க்காரன். எதிர்வீட்டு அம்மா பேரு என்னன்னு கேட்டா முழிக்கிறே. நேத்து நான் வராந்தாவுல நின்னப்போ "ஊட்டா ஆய்தா"ன்னாங்க. ஆயிடுச்சும்மான்னு தமிழ்ல சொன்னேன். என் மூஞ்சியைப் பாத்து நம்பாம, ஒரு தூக்கு நிறைய பிசிபேளா பாத் கொண்டாந்து குடுத்துட்டாங்க. மேல முந்திரியை வறுத்துப் போட்டு, தொட்டுக்க காராபூந்தி வேற. உனக்கு எடுத்து வைக்கலாம்னுதான் பாத்தேன், நீ எழுந்திரிக்கலையே.

நான் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்புறேன். அந்தத் தூக்கு சிங்க்ல கெடக்கு, கழுவித் திருப்பிக் குடுத்துடு. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும். நீ என்னத்தைச் சமைச்சு அதுல போடப் போறேங்கிறதுதான் எனக்குத் தெரியல.