பூனைக்கு மீன், நமக்கு டப்பா

கேள்வி: அமெரிக்காவில் நெடுந்தூர மலைநடை போகிறவர்கள் காலி டப்பாவில் அடுப்பு செய்து சமைக்கிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். சுமார் 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் பாதையில் மாதக்கணக்கில் நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் முதுகில் உட்கார்ந்து பேசும். பூனை 85 கிராம் மீனைத் தின்று முடித்த அலுமினிய டப்பாதான் அடுப்பு. காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினால் விளிம்பை ஒட்டி இரண்டு வரிசைத் துளைகள், வேலை முடிந்தது. எடை பத்து கிராம்கூட வராது. ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்து, அது சூடேற அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாத்திரத்தை வைத்தால் அணைந்துவிடும். பொறுத்து வைத்தால், மேல்வாய் மூடிக்கொள்ள, துளைகள் வழியே நீலச்சுடர் பூவாய் விரியும். 30 மில்லி ஸ்பிரிட்டில் இரண்டு கப் தண்ணீர் கொதிக்கும். பிரியாணி ஆசை வேண்டாம். நூடுல்ஸும் காபியும் உறுதி.

எனக்கு உயிரான அடுப்பு இது, பயமும் உண்டு. பகல் வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றினால் பாட்டிலே பற்றிக்கொள்ளும். உள்ளங்கையை உயரத்தில் நீட்டிச் சூடு பார்த்த பிறகே பாட்டில் மூடியைத் திறப்பேன். கூடாரத்துக்குள் கூடவே கூடாது. திருகி அணைக்க வழியில்லாததால், காட்டுத்தீ காலத்தில் கலிபோர்னியா மலைகளில் பல இடங்களில் இதற்குத் தடை. அப்போது கேஸ் அடுப்புதான்.