அரை மாத்திரைக் கடன்: செம்பரம்பாக்கத்துத் தடித்த ஒடுங்கெழுத்து பற்றிய ஓர் ஆய்வு

நோக்கம்: செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடியையும் 3,645 மில்லியன் கன அடியையும் ஐப்பசி, கார்த்திகையில் தமிழகமே ஆராய்ந்துவிடுகிறது. ஊர்ப்பெயர் பலகையில் படும் பாட்டை ஆராயத்தான் ஆளில்லை. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை மனை விளம்பரம், ‘ஆட்கள் தேவை’ தட்டி, கம்பெனி பஸ்ஸின் முன்கண்ணாடி என எங்கும் இப்பெயர் தடித்தும் ஒடுங்கியும் நிற்பதேன்?

முன்னோர் பணி: ஜெஃப்ரி லீ வரைந்த ‘இம்பாக்ட்’ என்ற தடித்த, ஒடுங்கிய ஆங்கில எழுத்துருவை 1965இல் ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் வெளியிட்டது. பின்னாளில் அது விண்டோஸோடு வீட்டுக்கு வீடு வந்தது. ஆங்கில எழுத்தில் நெடுக்குக் கோடுகள் அதிகம். நெருக்கினால் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொள்ளும். நம் ண, ஞ, ஐ மூன்றும் உருண்டு புரள இடம் கேட்பவை.

கோட்பாடு: மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்கிறது தொல்காப்பியம். பலகையிலோ ‘ம’வுக்கும் ‘ம்’முக்கும் ஒரே அகலம். செம்பரம்பாக்கத்தை ஒலிக்க ஆவது 8 மாத்திரை. எழுத ஆவது, ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து, 11 வடிவம். ‘பா’ இரண்டு மாத்திரைக்கு இரண்டு வடிவம் என நேர்மையாக நடந்துகொள்கிறது. ‘செ’ ஒன்று கூடுதலாகப் பிடிக்கிறது; நான்கு புள்ளியெழுத்துகள் ஆளுக்கு அரை. ஆக நிலுவை 3. பக்கத்து ஒரகடத்துக்கு 4½ மாத்திரை, 5 வடிவம். நிலுவை வெறும் அரை. அதனால்தான் அதே பஸ் கண்ணாடியில் ஒரகடம் கைகால் நீட்டிப் படுத்திருக்க, செம்பரம்பாக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறது.

களச்சான்று: ஃபிளெக்ஸ் கடையில் பெயரை அடித்து, பக்கவாட்டில் மவுஸால் பிடித்து உள்ளே தள்ளுகிறார்கள். நெடுக்குக் கோடு மெலிகிறது. படுக்கைக் கோடு பழைய பருமனிலேயே இருக்கிறது. மெலிவை மறைக்க அவுட்லைன் ஏற்றினால் ‘க’வின் கண் அடைத்துக்கொள்கிறது. மேலே மிதந்த புள்ளி தடித்து இறங்கி ‘ம்’மின் மண்டையில் ஒட்டுகிறது. இறுதியில் பலகையில் இருப்பது ஊர்ப்பெயரா, சிவப்புக் கம்பளிப்பூச்சியா என்பது வாசிப்பவரின் முன்னறிவைப் பொறுத்தது. ஆனாலும் பஸ் நிற்கிறது, ஆள் ஏறுகிறார். எழுத்து எழுத்தாகப் படிக்காமல் மொத்த உருவத்தைக் கொண்டே ஊரை அடையாளம் காணும் இத்திறன் தனி ஆய்வுக்குரியது.

மறுப்பும் விடையும்: ஏக் டைப் நிறுவனத்தின் ‘அனேக் தமிழ்’ 2022இலேயே வந்துவிட்டதே, அதில் பருமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாமே, காசும் கேட்பதில்லையே என்பர். உண்மை. ஒடுக்குவதற்கென்றே வரைந்த எழுத்தில் கண் அடைக்காது. ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கைக்கு எழுத்துருவை மாற்றுவதைவிட எழுத்தை நசுக்குவது சுலபம்.

முடிவு: ஒடுங்கெழுத்து அழகுணர்ச்சியால் பிறந்ததன்று, ஒலிக்கும் அகலத்துக்கும் இடையே தீராத பாக்கியால் பிறந்தது. ஃபிளெக்ஸுக்கு விலை சதுர அடிக் கணக்கு. புள்ளியெழுத்துக்குப் பாதி விலைதான் தருவேன் என்று வாதாட இலக்கணத்தில் இடமுண்டு, கடையில் இல்லை.