ஒன்பது கனிகளும் ஒரே சீசனில்: ஒரு வழிகாட்டி

நற்குணம் வேண்டும், ஆனால் அதற்காகக் கையிலிருப்பது எதையும் விடமுடியாது என்று நினைக்கும் விசுவாசிகளுக்கானது இது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் ஆவியின் கனிகளாக ஒன்பது குணங்களைச் சொல்கிறார். ஒன்பதையும் ஒரே காலண்டரில் பழப் படத்தோடு அச்சடித்து விற்கிறார்கள். ஆணி அடித்து மாட்டியதும் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது முத்திரை. பெண்ணாடத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. சமணத்தை விட்டுவந்த அப்பர், இந்த ஊர்த் தூங்கானைமாடக் கோயிலில்தான் சூலமும் இடபமும் தன் தோளில் பொறிக்கச் சொல்லிச் சிவனிடம் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். இப்போது அவ்வளவு சிரமம் தேவையில்லை. ‘இயேசு ஜீவிக்கிறார்’ என்ற ஸ்டிக்கரை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, விருத்தாசலம் சாலையில் கரும்பு டிராக்டரை இடதுபக்கமாக முந்துங்கள். பின்னால் வருகிறவர் திட்ட வாயெடுக்கும்போது ஸ்டிக்கரைப் பார்ப்பார். பொறுமை என்ற கனி அவருக்குக் கிடைத்துவிடும். உங்களுக்கு? அந்த டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறவரைப் போல ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு, பாக்கிப் பணத்துக்கு வருஷக் கணக்கில் அலைந்து பார்த்தால் வரலாம். ஆனால் அது நம் பாடத்திட்டத்தில் இல்லை.

தயவு என்ற குணத்துக்கு ஆலய மின்விசிறி உகந்தது. மூன்று இறக்கையிலும் குடும்பத்தார் பெயர் எழுதிக் கொடுக்கலாம். ஒரு குறை உண்டு. விசிறி சுற்றும்போது பெயரைப் படிக்கமுடியாது. உங்கள் தயவு ஊருக்குத் தெரிய மின்வெட்டு வரவேண்டும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியவில்லை. 1859-இல் நீதிநூல் எழுதிய அந்தக் கத்தோலிக்கர், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கையிலிருந்ததை எடுத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். சிவபக்தர் ஒருவர் தானாக வந்து பாடும்படி கொடுப்பது கஷ்டம். விசிறியே மேல்.

சாந்தம் வேண்டுமா, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போங்கள். ஆனால் அடுத்தவர் பாவத்தோடு போங்கள். நம் மாமியார்மார் இதில் கைதேர்ந்தவர்கள். “சாமி, நான் கோபப்பட்டுட்டேன். ஆனா என் மருமவ என்ன பண்ணா தெரியுமா?” என்று தொடங்கினால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. “நீங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்கம்மா” என்பார் சாமியார். “அதான் சொன்னேனே சாமி, கோபம். அவ இருக்காளே...” பாவப் பொறுத்தல் இவருக்கு, பட்டியல் முழுக்க அவளுக்கு. வெளியே வரும்போது முகத்தில் தெரியும் அமைதி அசல் அமைதிதான், சந்தேகமில்லை.

இச்சையடக்கத்துக்குத் தவக்காலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. அதனால் கறிக்கடைப் பக்கம் தலைவைக்காமல், கடலூரிலிருந்து வரும் வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வறுத்துத் தின்று உடலை ஒறுக்கலாம்.

பவுலின் ஒன்பதில் பெயர் இல்லாவிட்டாலும், எல்லாவற்றையும்விடக் கடினமானது தாழ்மை. அதற்கு விருத்தாசலம் தாண்டி மங்கலம்பேட்டைப் பக்கம் இருக்கும் கோணான்குப்பத்துக்குப் போய்வர வேண்டும். இத்தாலியிலிருந்து 1710-இல் கோவாவுக்கு வந்து, பிறகு தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் ஆன பெஸ்கி, அங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் கோயில் அம்மன் பெயரும் அதுதான். மாதா கட்டியிருப்பதும் சேலை. அந்தக் காலத்தில்தான் சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாட்டில் தேம்பாவணி பாடினார். இத்தனைக்கும் நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். வாயே திறக்காத தச்சரைக் காப்பியத் தலைவனாக்கிய மனிதரின் கோயில் திருவிழாவில், நாம் கூம்பு ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயரைத் தெருத்தெருவாக அறிவித்துக்கொள்ளலாம்.

நல்லொழுக்க வழிகாட்டி எழுதுவதிலும் அவரே முன்னோடி. ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் உபதேசியார்கள் முதலில் தாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அதே கைதான் பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் படைத்தது. ஒழுக்கம் கற்றுக்கொடுத்தே காலம் கழித்தவருக்கு அந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் தேடட்டும். எனக்கு ஒரு ஊகம் உண்டு.

தாழ்மைக்கு ஆண்டுத் தேர்வு பெரிய வியாழன். பீடத்தின் முன்னால் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுவார். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருப்பார்கள், தண்ணீர் கலங்காது. யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதுதான் சூட்சுமம். பங்குப் பேரவையில் இருக்கிறவர், திருவிழாச் செலவில் பங்கெடுத்தவர் என்று பார்த்துப் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. 2013-இல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய், பெண்கள் உட்பட, இஸ்லாமியர் உட்பட, கைதிகளின் காலைக் கழுவி முத்தமிட்டார். 2016-இல் பெண்களின் காலையும் கழுவலாம் என்று விதியையே மாற்றினார். சிறையில் சௌகரியம், அங்கே பங்குப் பேரவை இல்லை.

பெண்ணாடத்தில் இந்தக் காட்சி வேறு விதமாக ஏற்கனவே நடந்திருக்கிறது. கலிக்கம்ப நாயனார் இந்த ஊர்க்காரர். அடியார்களின் காலைக் கழுவி அமுது படைப்பவர். ஒருநாள் அவர் வீட்டிலேயே முன்பு வேலை பார்த்தவன் அடியார் வேடத்தில் வந்தான். மனைவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இவன் காலுக்கா தண்ணீர் வார்ப்பது என்று கை ஒரு கணம் நின்றது. நாயனார் அந்தக் கையை வெட்டிவிட்டுத் தானே கழுவினார். வெட்டியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது; அதுவும் தன் வீட்டுப் பெண்ணின் கையை. ஆனால் செம்பைப் பிடித்தபடி நின்ற அந்தக் கணம் இருக்கிறதே, அது எந்த மதத்துக்கும் சொந்தம்.

உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில் நின்றதும் அதுதான். இரு சாதியாரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். தலித் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் சம மரியாதை கேட்டார்கள். பொதுத் தெரு வழியே தங்கள் சவ ஊர்வலம் போகவேண்டும் என்றார்கள். இல்லையென்றால் தனிப் பங்காவது கொடுங்கள் என்றார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

ஆகவே வழிகாட்டியை நிறுத்திவிட்டு ஒரு வேண்டுகோள். வருகிற பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் போடும்போது, உங்கள் தெருச் சாக்கடையை அள்ளுகிறவர் பெயரையும் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பேரவையில் யாராவது முகம் சுளித்தால் அவரிடமே செம்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.