கண்ணடி பட்டாலும் கல்லடி படக்கூடாது

கள்ளக்குறிச்சியை உள்ளூர்க்காரர்கள் செல்லமாகக் ‘கல்லை’ என்பார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே என் சகலைக்கு முகம் சுருங்கிவிடும். ‘கல்’ என்று தொடங்கும் எதுவும் அவருக்கு ஆகாது, கல்யாணம் உட்பட என்பது என் கொழுந்தியாளின் வாக்குமூலம்.

எல்லாம் அவர் வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கும் அந்தச் சிவப்பு காரால் வந்தது. ஊரில் மற்றவர்கள் கார் வாங்கினால் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், படிகாரம், கறுப்புக் கயிறு என்று கட்டித் தொங்கவிடுவார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதுதானே பாட்டிமார்கள் சொல்லிவிட்டுப் போனது? சகலை பழமொழியைத் திருப்பிப் போட்டுவிட்டார். ஊரே கண் வைக்கட்டும், கவலையில்லை. பானெட்டில் கடுகளவு கல் படக்கூடாது. கார் வந்த அன்று மாமியார் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, “அத்தே, சாறு தெறிச்சா பெயிண்டுக்கு ஆகாது” என்று வேட்டியை விரித்து பம்பரை மறைத்துக்கொண்டு நின்றார். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கவும் தடை. கடைசியில் கொழுந்தியாளின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை முன்கண்ணாடியில் ஒட்டி பூஜையை முடித்தார்கள். சாமி ஏற்றுக்கொண்டதா தெரியாது, சகலை ஏற்றுக்கொண்டார்.

இந்த வகை ஆட்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. டிவி ரிமோட்டைப் பாலித்தீன் உறையோடு பத்து வருஷம் அமுக்கிய வம்சம் இது. சகலையின் அப்பா மொபெட் வாங்கி, சீட்டுமேல் இருந்த கண்ணாடித்தாளைக் கடைசிவரை உரிக்கவேயில்லை. வெயில் காலத்தில் அதன்மேல் உட்கார்ந்து வழுக்கி வழுக்கியே சின்னசேலம் போய் வந்த மனிதர். அப்பாவுக்குக் கண்ணாடித்தாளை வண்டியோடு சும்மா கொடுத்தார்கள். மகன் அதே தாளை ஒரு கறவை மாட்டு விலை கொடுத்து ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சகலையோடு காரில் போவது ஒரு விரதம். சேலம் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு டிப்பர் லாரி தென்பட்டால் போதும், கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். லாரியின் பின்பக்கம் இரட்டை டயர் இருக்கிறதல்லவா, அந்த இரண்டுக்கும் இடையில் ஜல்லி ஒன்று சிக்கிக்கொண்டு சுழலும், வேகம் ஏறியதும் உண்டிவில் கல் மாதிரி விடுபட்டுப் பின்னால் வரும் என்பது அவர் உபதேசம். தப்பில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு விழும் என்பதும் பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். அதற்காக நாற்பதிலேயே உருட்டினால்? பின்னால் வரும் தனியார் பஸ் ஹாரனிலேயே நம் பரம்பரையை விசாரிக்கும். டவுன் பஸ் முந்தும். கரும்பு டிராக்டரும் முந்தப் பார்க்கும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது ஊரே பட்டாசு வெடித்தது. சகலை மட்டும், “கலெக்டர் ஆபீஸ் வரும், கட்டடம் வரும், ஜல்லி லாரியும் கூடவே வரும்ண்ணே” என்று சோகமாக உட்கார்ந்திருந்தார்.

அறுவடைக் காலம் இன்னும் மோசம். மக்காச்சோளத்தையும் உளுந்துச் செடியையும் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டியெல்லாம் போரடித்துக் கொடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த இடம் வந்ததும் சகலை வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிடுவார். களத்துக்காரர் துடைப்பத்தோடு வந்து, “ஏறிப் போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்பார். “உங்க உளுந்துக்கு ஒண்ணும் ஆகாது” என்பார் இவர். முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்றால் நாங்கள் பந்தியில் கடைசி இலைக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இத்தனை காபந்துக்கும் மீறிக் கல் பட்டுவிட்டால் அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. தேதி, இடம், குற்றவாளி என்று மூன்று கட்டம். “தியாகதுருகம் தாண்டி. எம்சாண்ட் லாரி.” “சங்கராபுரம் ரோடு. மட்கார்டு இல்லாத டிராக்டர்.” காயத்துக்கு முதலுதவி மகளின் சிவப்பு நெயில் பாலிஷ். தீக்குச்சி முனையில் தொட்டு, மூச்சை அடக்கி, புள்ளிக் கோலம் போடுகிறவரைப் போல வைப்பார். பாலிஷ் ஒரு சிவப்பு, கார் ஒரு சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் வண்டிக்கு அம்மை வார்த்து இறங்கியது போலிருக்கும்.

ஒரு நாள் சேலத்தில் காருக்குப் பிலிம் ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். டிபியு எனப்படும் பாலியூரிதேன் தாள். அமெரிக்க ராணுவம் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகள் மணலும் கல்லும் பட்டுத் தேயாமல் இருக்க ஒட்டிய சமாச்சாரத்தின் பேரப்பிள்ளை. கார் பெயிண்ட், அடிப்பூச்சிலிருந்து மேலே பூசும் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான்தான், ஏறக்குறைய இரண்டு தலைமுடி கனம். அதற்குக் காவலாக ஒட்டும் தாளே நூற்றைம்பது, இருநூறு மைக்ரான் வரும். வீட்டைவிடக் காம்பவுண்டுச் சுவர் பெரிசு. செராமிக் கோட்டிங் என்று ஒன்று விற்கிறார்களே, அது சில மைக்ரான் கனத்தில் பளபளப்புக்கும் தண்ணீர் வழுக்கி ஓடவும் உதவும். கல் வந்தால் அதுவும் சேர்ந்து அடி வாங்கும். இதெல்லாம் நான் தேடிப் படித்ததில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சகலையிடம் செவிவழி கற்றது.

சரி, ஒட்டப் போனார். கல்லடியிலிருந்து காக்க காரை சேலத்துக்கு ஓட்டிப் போகும் வழியில், ஆத்தூருக்கு முன்னால், பானெட் நுனியில் ‘டிக்’. அந்த ஒரு புள்ளியையும் உள்ளே வைத்தே மூடிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்த பூச்சி மாதிரி இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்தத் தாளுக்கு ஒரு மகிமை உண்டு. லேசான கீறல் சூடு பட்டால் தானாகக் கூடிவிடும். வெயிலே போதும், கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அது சின்ன வேலை. சகலைக்குப் பொறுமை ஏது? ஞாயிற்றுக்கிழமை காலையில் தவலையோடு வாசலுக்கு வந்து, பானெட்டில் கீறல் விழுந்த இடமாகப் பார்த்து வெந்நீரை ஊற்றுவார். மூக்கு உரசுமளவு குனிந்து ஆவிக்குள் பார்ப்பார். “கூடுது, கூடுது!” உள்ளேயிருந்து குரல் வரும். “பெரியவனுக்குக் குளிக்க வச்ச தண்ணியக் காணோமே!” எதிர்வீட்டுப் பாட்டி இதைப் பார்த்துவிட்டு, காருக்கு எண்ணெய்க் குளியல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு முன்பு வைத்திருந்த வண்டியில் முன்னால் இரும்புக் கம்பி கட்டியிருந்தார். எருமை முட்டினால் எருமைக்குத்தான் சேதம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்தக் கம்பிகள் சட்டத்துக்குப் புறம்பானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து, ஏர்பேக் விரிவதையும் அது கெடுக்கக்கூடும். கழற்றி எடைக்குப் போட்டார். சகலை வாழ்க்கையில் கண்ணீர் விட்ட இரண்டு சந்தர்ப்பங்களில் அது ஒன்று. இன்னொன்று கல்வராயன் மலையில்.

போன தை மாதம் இரண்டு குடும்பமும் மேகம் அருவி பார்க்கக் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊர்வலமாக நின்றன. அவை நகர்ந்து முடியும்வரை, ‘சோகை பானெட்டில் உரசும்’ என்று ஒதுங்கி ஒரு மணி நேரம். கோமுகி அணையில் இறங்கிப் பூச்சி துடைக்க அரை மணி. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும், விளிம்பிலிருந்து சிதறிய சல்லியைத் தாண்டித் தாண்டி முட்டைமேல் நடப்பவரைப் போல உருட்டினார். ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மூன்று பேரும் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்குமாக ஏறியவர்கள் எங்களைக் கடந்து, மேலே இறக்கிவிட்டு, திரும்பியும் எதிரே வந்துவிட்டார்கள்.

கரியாலூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். வெயிலில் விட்டால் பெயிண்ட், நிழலில் விட்டால் காக்கை எச்சம். நெடுநேரம் யோசித்து ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். முன்பக்கம் பிலிம் இருக்கிறது, பயமில்லை. நாங்கள் புளிசாதத்தைப் பிரித்தோம். ‘டொம்’ என்று சத்தம். மரம் கடுக்காய் மரம். காய் விழுந்த இடம் கூரை. பிலிம் பானெட்டோடு நின்றுவிட்டது, கூரைக்கு ஒட்டக் காசு பற்றவில்லை. கல்வராயன் மலைக் கடுக்காய் பேர் போனது. அதை அன்று மலையே என் சகலைக்குக் கொடுத்தது. வழியோடு போன ஒரு மூதாட்டி நின்று, அவர் கூரையைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “காயை எடுத்துக்க சாமி, வயித்துக்கு நல்லது” என்றாள். அருவிக்குப் போகாமலே திரும்பினோம்.

இந்த வைகாசியில் காரை விற்கப் போவதாகச் சொன்னார். பெரிய வண்டி வாங்க ஆசை. வாங்க வந்தவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் கையில் பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி. கதவில் வைத்தான், நூற்றுச் சொச்சம். பானெட்டில் வைத்தான், முந்நூறைத் தாண்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், முன்னாடி எங்கயோ பலமா விட்டிருக்கீங்க. பட்டி பார்த்து ரீபெயிண்ட் அடிச்சிருக்கு. அஞ்சு வருஷ வண்டியோட மூஞ்சி இப்படி இருக்காது.”

“தம்பி, அது பிலிம்! ஒட்டுனதுக்கப்புறம் ஒரு கல்லு பட்டதில்ல!”

“அதான் சார் சொல்றேன். ஒரு கல்லுகூடப் படாத வண்டிய நம்ம ஊர்ல எவன் நம்புவான்?”

சந்தேகம் தீர மெக்கானிக் பிலிமின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு லேசாகக் கிளப்பினான். சகலை அலறியதில் எதிர்வீட்டுப் பாட்டி கைத்தடியோடு வெளியே வந்துவிட்டாள். விலை பேச்சு அதோடு முடிந்தது.

சாயங்காலம் நான் போனபோது தவலையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. திண்ணையில் நோட்டு திறந்து கிடந்தது. கடைசி வரியில் மசி இன்னும் காயவில்லை. “இடம்: சொந்த வீட்டு வாசல். குற்றவாளி: கட்டைவிரல் நகம்.”